சித்திரத்துக்கு ஒரு சுவர்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இந்த மேடையில் இளைஞர் எழுந்தால் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நாங்கள் சித்திரங்களைப் பற்றி, அதிலும் அவற்றை எல்லோரும் காணும்படி வைக்கும் கலாபவனங்களைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். இதுவும் தமிழைப் பற்றிய பேச்சுத்தான் என்பது போகப்போக விளங்கும்.

கறுவாத்தோட்டத்திலே முன்னாளிற் கிறீன் பாத் என்று வழங்கிய வீதிக்கு இன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். தேசிய கலாபவனம் அவ்வீதியிலேதான் இருக்கின்றது. பல்கலைக்கழகத்துக்கு அப்பக்கமாகப் போய்வரும் எங்களிற் பலர், பெயருக்குரியவர் யார் என்று கேட்டறிந்ததில்லை.

அவர் 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர்; சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர்; தாயார் ஆங்கில மாது. இங்கிலாந்திலே கற்று, கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்தவர், கல்லைத் தேடி ஊரூராகத் திரிந்தபோது கம்மாளரின் கைவேலையையும் கண்டார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். பின்னர் இந்தியாவிலே, அக்காலத்திற் பலர் பொருட்படுத்தாத இராசபுத்திர ஓவியங்களைத் தேடித் திரட்டினார். காசியிலே ஒரு தேசிய அரும்பொருட்சாலை கட்டினால் அவ்வளவையும் கொடுப்பதாகச் சொன்னார். கட்டுவார் இல்லை. 1917இல் அத்திரட்டு அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரத்து நுண்கலை அரும்பொருட்சாலைக்குப் போயிற்று. அவரும் அங்கேயே பணியேற்று, 1947இல் அந்நாட்டிலேயே கண்மூடினார். திரட்டு அங்கே, பெயர்ப்பலகை இங்கே.

அவருடைய மைத்துனர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், கொச்சிக்கடையிலே தம் தந்தையார் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை அவர் கருங்கல்லாற் புதுப்பித்தார். 1907இல் தொடங்கிய வேலை 1912இல் நிறைவேறியது. இன்றும் எந்த ஏழைப் பிள்ளையும் உள்ளே போய்த் தூணைத் தடவிப் பார்த்து, சிற்பி உளியை எப்படிப் பிடித்தான் என்று வியக்கலாம். ஒரே குடும்பத்தார் இருவர். ஒருவர் போற்றிய கலைக்குக் கூரை கிடைத்தது. மற்றவர் சேர்த்த கலை கடல் கடந்தது.

கூரை கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் நகரமே சான்று. 1943இல் லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலானோர் கூடி '43 குழுவை' அமைத்தார்கள். 1952இல் இலண்டனும் 1953இல் பாரிசும் அவர்களுடைய ஓவியங்களைக் கண்டன. வென்ற் 1944இல் மறைந்தபின் அவர் பெயரால் ஒரு கலைநிலையம் எழுந்தது. ஹரி பீரிஸ் பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் சொந்த வீட்டையே 1974இற் சபுமல் நிறுவனமாக்கிப் பொதுவுக்கு விட்டார். ஆகவே அக்குழுவினரின் ஓவியங்களை நாம் இன்று நேரிலே போய்ப் பார்க்க முடிகின்றது.

யாழ்ப்பாணத்திலும் முயற்சி இல்லாமலில்லை. எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இலேயே வின்ஸர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்வந்த அ. மாற்கு மாஸ்ரர் எத்தனையோ மாணவரை உருவாக்கினார். ஆனால் மாற்குவின் ஓவியங்கள் பல போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்தன. 2000இல் அவரும் காலமானார். வீட்டுச் சுவரும் பெட்டியுமே அவற்றுக்குப் புகலிடமாயிருந்தன. வீடு பெயர்ந்தபோது படமும் போயிற்று.

மிஷன் கல்லூரியிற் படித்த எங்களுக்குச் சித்திர வகுப்பென்றால் மேசைமேல் ஒரு பூச்சாடி. தமிழ் ஓவியர் ஒருவரின் பெயர் அங்கே காதில் விழுந்ததில்லை. வீட்டுக்கு வந்தாலோ சுவரிலே சிவகாசி நாட்காட்டி! பழிக்கவில்லை, அந்த முருகனைக் கும்பிட்டே வளர்ந்தோம்.

1993இல் தொடங்கிய 'கலா பொல' என்னும் திறந்தவெளிச் சித்திரச் சந்தை நல்ல முயற்சி. ஓவியன் தன் படத்தைத் தானே விற்கிறான்; கைக்குப் பணம் வருகிறது. எனினும் விற்ற படம் யாரோ ஒருவர் வரவேற்பறைக்குள் மறைந்துவிடும். அடுத்த தலைமுறை ஓவியன் அதைப் பார்த்துப் பழக வழியில்லை. கலாபவனமோ வாங்குகிறது, பதிகிறது, காக்கிறது, மீண்டும் மீண்டும் காட்டுகிறது. 2019 டிசம்பரிற் கொழும்பிலே திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அரும்பொருட்சாலையில் விளக்கங்கள் மும்மொழியிலும் உள்ளன. படத்தின் பக்கத்திலே தமிழெழுத்தைக் கண்டால், இது எமக்கும் உரிய இடம் என்று மனம் சொல்லுகின்றது. சிறிய காரியந்தான், ஆனால் அது இல்லாத மண்டபங்களில் நாம் விருந்தாளிகளாகவே நடக்கிறோம்.

"2022இல் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் சித்திரம் ஒரு கேடா?" என்று பெரியோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணக்காரரால்தான் ஆகும் என்பதை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். 1966இற் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையிற் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியபோது, அந்த ஓவியர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே பிழைத்தார்கள்.

நாம் கட்டடம் கட்டவேண்டியதில்லை. எமது மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் வெறுமையாகவே கிடக்கின்றது. ஆண்டு விழாவிற் பொன்னாடைக்கும் பூமாலைக்கும் செலவிடும் பணத்திற் பாதியை ஒதுக்கி, ஆண்டுக்கொரு படமாக இளந்தமிழ் ஓவியர் ஒருவரிடம் விலைகொடுத்து வாங்கி அங்கே மாட்டலாம். (பொன்னாடை பெறும் பெரியோர்கள் மன்னிப்பார்களாக.) இனாமாகக் கேட்கக் கூடாது, விலை கொடுக்க வேண்டும். பெயரும் ஊரும் ஆண்டும் ஒரு பதிவேட்டில் ஏறவேண்டும். ஞாயிறுதோறும் கதவு திறந்திருக்க வேண்டும். வெள்ளவத்தைப் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். வழிமொழியப் பெரியோர் ஒருவர் தேவை.