காசு வாங்கினால் சொல்ல வேண்டும்

(ஒரத்தநாட்டில் விவசாயிகளுக்கான நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பா வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க, சுருக்கமாவே பேசிடறேன்.

முன்னெல்லாம் பயிருக்கு மருந்து வாங்கணும்னா பக்கத்து வயல்காரரைக் கேட்போம். இப்ப கைப்பேசியில ஒருத்தர் வரப்புல நின்னுக்கிட்டு, "இந்த ஊக்கியைத் தெளிச்சேன், தூர் நல்லா கட்டுச்சு"ங்கறார். நம்ம பேச்சுலயே பேசறார், நம்பிடறோம். ஆனா அவர் அதுக்குக் காசு வாங்கியிருக்கலாம்.

காசு வாங்குவது குற்றமில்லை. மறைப்பதுதான் தப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், 2022 ஜூனில் விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தனியாக ஒரு கையேடு வெளியிட்டது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், பரிசு, பயணச் செலவு, நிறுவனத்தாரோடு உறவு எதுவானாலும் சொல்லியாக வேண்டும். வீடியோ என்றால் திரையிலும் தெரியணும், வாயாலும் சொல்லணும். தமிழில் பேசினால் தமிழிலேயே சொல்லணும். கீழே விவரக் குறிப்பில் மட்டும் போட்டு ஒளிக்கக் கூடாது.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரை தடையும் விதிக்கலாம்.

"இதுக்கு டெல்லிக்கா போகணும்?"னு கேப்பீங்க. வேண்டாம். சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரிடமே புகார் கொடுக்கலாம். ஆலோசனைக்கு 1915-ஐ அழைக்கலாம்.

ஒன்றை மறந்துடாதீங்க: அபராதம் உங்க கைக்கு வராது. நஷ்டஈடு வேணும்னா தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனியாக வழக்குப் போடணும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. "விவசாயி நுகர்வோரா?" என்று கேட்டால், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆதாரம்தான் முக்கியம். வீடியோவின் இணைப்பு, திரைப்படப் பிடிப்பு, பார்த்த தேதி, கடை ரசீது, காலி டப்பா எல்லாத்தையும் எடுத்து வைங்க. ரசீது இல்லாம வாங்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி வட்டார வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. வீடியோ பார்க்கும்போது, "இவர் யார் காசில் பேசறார்?"னு உங்களையே கேட்டுக்கோங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் கடமை. கேட்பது நம்ம உரிமை.