விலைக்கு வாங்கும் வெற்றி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இன்று யாம் பேசப் புகுவது இலக்கியம் அன்று. நம் பிள்ளைகளின் கையிலுள்ள செல்பேசிக்குள் நடைபெறும் ஒரு வாணிகம் பற்றியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே எழுத்தராகக் காலம் கழிக்கும் எமக்கு இதில் என்ன தகுதி என்று வினவலாம். ஏமாந்தவர் என்னும் தகுதியே போதும் என்று கருதுகிறோம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் திருமலையில் அடியார் கூட்டம் விழித்திருக்கும். நம் வீடுகளிலோ பாட்டிமார் பரமபதப் படத்தை விரித்துப் பேரப்பிள்ளைகளோடு விழித்திருப்பர். அந்த ஆட்டத்தில் பாம்பின் வாயில் விழுந்தவர் யாவராயினும் கீழே இறங்கியே ஆகவேண்டும். 'பத்து ரூபாய் தருகிறேன், பாம்பை விலக்கு' என்று கேட்க எவருக்கும் தோன்றியதில்லை. செல்வன், வறியன் என்னும் வேற்றுமை தாயக்கட்டைக்குத் தெரியாது. அதனாலன்றோ அது விளையாட்டு ஆயிற்று!

இக்காலத்து இணைய விளையாட்டுகள் பலவற்றில் நிலைமை வேறு. நுழைவதற்குக் கட்டணம் இல்லை. நுழைந்த பின்னரே கடை விரிகிறது. பின்லாந்து நாட்டின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'கிளாஷ் ஆப் கிளான்ஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஊரையும் அரணையும் உயர்த்துவதற்குக் காத்திருக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல அது நாட்கணக்காக நீளும். காசு கொடுத்து 'ஜெம்' வாங்கினால் காத்திருப்பு அப்பொழுதே தீரும். முதலில் பொறுமையைச் சோதிக்கின்றனர். பின்னர் அப்பொறுமைக்கே விலை கூறுகின்றனர். வேறு சில விளையாட்டுகளில் மூடிய பெட்டியை விற்கின்றனர். உள்ளே இருப்பது வாளோ வைக்கோலோ என்பது திறந்த பின்னரே தெரியும். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் ஆராய்ந்து, சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் சூதே என்று முடிவு கூறிற்று.

இனி எம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எம் மகனின் இசைவு பெற்றே கூறுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் பயின்ற அவன், தன் தாயின் செல்பேசியில் ஒரு போர் விளையாட்டை ஆடி வந்தான். எண்பது ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று சிறுகச் சிறுக, நான்கு திங்களில் 11,400 ரூபாய் அதில் போயிற்று. சித்தூரில் கல்லூரி சேரவிருந்த மகளுக்கென்று ஒதுக்கிய தொகை அது. நாள்தோறும் பிறர் பணத்தைச் சல்லிக்காசு பிசகாமல் எண்ணி ஒப்படைக்கும் யாம், எம் வீட்டுக் கணக்கை நான்கு திங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிக்கக் கை ஓங்கினோம். 'அப்பா, நல்ல துப்பாக்கி இல்லாதவனை யாரும் தம் அணியில் சேர்த்துக்கொள்வதில்லை' என்றான். ஓங்கிய கை தாழ்ந்தது. புத்தாடை இல்லாததால் ஊர்த் திருவிழாவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த எம் இளமை நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

பின்னர் அவன் அத்துப்பாக்கியை விற்றுப் பணத்தை மீட்க முயன்றான். வாங்கிய பொருளைப் பிறருக்கு மாற்றலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. ஆகவே தன் கணக்கையே விற்க முற்பட்டான். முகமறியாத ஒருவன் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டான், பணம் அனுப்பவில்லை. துப்பாக்கியும் போயிற்று, கணக்கும் போயிற்று.

மாற்றலாகாது என்னும் விதி எமக்குப் புதிதன்று. ஒருவர் பெயரில் பதிவு செய்த பயணச்சீட்டை மற்றொருவர் பயன்படுத்தலாகாது என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய வகைப் படுக்கைப் பெட்டியில் இடம் 72 மட்டுமே. அவற்றை வாங்கிப் பதுக்கி அதிக விலைக்கு விற்போரைத் தடுக்கவே இவ்விதி. அங்கும் இரக்கத்திற்கு வழி உண்டு. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக விண்ணப்பித்தால், உறுதியான சீட்டைப் பெற்றோர், உடன்பிறந்தார், கணவன், மனைவி, மக்கள் ஆகியோருக்கு மாற்றித் தருவர்.

செல்பேசித் துப்பாக்கிக்கு 72 என்னும் எல்லை ஏது? ஒன்றைக் கோடியாகப் பெருக்கினாலும் இரும்பு செலவாகாது. அங்குள்ள பஞ்சம் விற்பவரே படைத்த பஞ்சம்.

அங்ஙனமாயின் தாராளமாக விற்று வாங்க விட்டால் தீருமோ எனின், அதுவும் தீர்வன்று. அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 'டயாப்லோ 3' என்னும் விளையாட்டில் 2012-இல் உண்மைப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கடையைத் திறந்தது. ஆடிப் பெறவேண்டியதைக் கடையில் பெறலாம் என்றானபின் ஆட்டத்தின் சுவை கெட்டது. 2014 மார்ச்சில் அந்நிறுவனமே கடையை மூடிற்று. குற்றம் மாற்றத் தடையில் மட்டும் இல்லை. வெற்றிக்கு விலை வைத்ததில் இருக்கிறது.

சட்டம் காக்காதா? நம் ஆந்திர மாநிலம் 2020-இலேயே இணைய ரம்மி முதலியவற்றைத் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை நாடெங்கும் விலக்கிற்று; நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆயினும், கட்டிய பணம் எவருக்கும் திரும்பாத இக்கடைகள் அச்சட்டத்தின் நேரான இலக்கு அல்ல. சூதில் வென்றவனுக்கேனும் காசு வரும். இங்கே வென்றவனுக்கும் வருவதில்லை. சீன நாடு 2019-இல் வகுத்த விதியின்படி, 8 வயது நிரம்பி 16 நிரம்பாத சிறுவர் திங்களுக்கு 200 யுவானுக்கு மேல் விளையாட்டில் செலவிடலாகாது. நம் வீட்டு எல்லையை நாமே வகுக்க வேண்டும்.

ஆதலின் பெற்றோர்க்குச் சில சொல்வோம். செயலிக் கடையில் ஒவ்வொரு முறை வாங்கும்பொழுதும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்து வையுங்கள். பணம் செலுத்தும் இரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். வங்கிக் கணக்கை வாரம் ஒருமுறை நோக்குங்கள். ஏமாற்றப்பட்டால் நாணி மறைக்காமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். பிள்ளைகளே, நீங்கள் அங்கே வாங்குவது பொருள் அன்று. நிறுவனம் விரும்பும் வரையில் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இதனை அறிந்தபின் காசை எடுங்கள்.

மகளின் கட்டணத்தைக் கூட்டுறவுச் சங்கக் கடன் பெற்றுச் செலுத்தினோம். திங்கள்தோறும் ஊதியத்தில் பிடித்தம் ஆகிறது. அவ்விளையாட்டை மகன் தானே நீக்கிவிட்டான். ஆனால் மாலையில் அவன் எங்கே போவான்? அணியில் இடம் கேட்டு ஏங்கிய பிள்ளைக்கு இடம் தருவது நம் கடமை அன்றோ? நம் சங்கக் கூடத்தை வாரம் இருநாள் மாலையில் திறந்து, இரண்டு கேரம் பலகையும் ஒரு சதுரங்கப் பலகையும் இடுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். முதல் கேரம் பலகைக்கு உரிய தொகையை எம் குடும்பம் தரும். அங்கே எந்தப் பிள்ளையும் காசு கொடுத்து வெல்ல முடியாது. காசில்லாமல் தோற்கவும் வேண்டியதில்லை.