வழக்குக்கு வெளியே நிற்கும் குடும்பம்



குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுப்பதிலும் குடும்பங்களுக்குத் துணை நிற்பதிலும் தொண்டு நிறுவனங்களின் பங்கு என்பது இக்கருத்தரங்கின் பொருள். தடுப்பு ஒரு துறை, குடும்ப உதவி வேறொரு துறை என்று பிரித்தே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். எனக்கு அனுப்பப்பட்ட கட்டுரைச் சுருக்கங்களிலும் சட்டம் நிறைய இருக்கிறது, விழிப்புணர்வு நிறைய இருக்கிறது, குடும்பம் குறைவாகவே இருக்கிறது. குழந்தையை வளர்ப்பவரைத் தாங்காமல் குழந்தையைக் காக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அதை மட்டும் இந்த அவையில் விளக்க விரும்புகிறேன்.

சென்னையில் 2004-இல் தொடங்கப்பட்ட துளிர் அமைப்பை உங்களில் பலர் அறிவீர்கள். வீட்டுக்குள் குழந்தைக்கு நடக்கும் பாலியல் கொடுமையைப் பற்றி ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட வாய்திறக்கத் தயங்கிய காலம் அது. 2006-இல் சென்னையில் 2,211 பேரிடம் துளிர் நடத்திய ஆய்வில், 42 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. பெண் குழந்தைகளில் 39 விழுக்காடு, ஆண் குழந்தைகளில் 48 விழுக்காடு. அடுத்த ஆண்டு மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து, இந்த அளவு 53 விழுக்காடு என்றது. அங்கும் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண் பிள்ளைகளே. 'பையன்தானே' என்று நாம் கவலையின்றி விட்டுவிட்ட பிள்ளைகள் அவர்கள். அதே ஆய்வில் மூன்று குழந்தைகளில் இருவர் அடி உதை பட்டவர்கள். வீட்டில் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோர்.

இதற்கு விடையாக நாம் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது குட் டச், பேட் டச் வகுப்புகளை. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்வதற்கு ஒரு மொழியைக் குழந்தை அங்கேதான் பெறுகிறது. ஆனால் 'வேண்டாம் என்று சொல், அங்கிருந்து ஓடு, நம்பிக்கையான ஒருவரிடம் போய்ச் சொல்' என்ற மூன்று வேலைகளையும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். மடியில் வைத்துச் சோறூட்டிய மாமாவிடம் 'வேண்டாம்' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அப்படியே துணிந்து அம்மாவிடம் வந்து சொன்னாலும், அந்த அம்மா அதைத் தாங்கி நிற்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா? நம் வகுப்புகள் இந்தக் கேள்விக்கு முன்னால் முடிந்துவிடுகின்றன.

ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். குற்றவாளி கணவனின் தம்பியாக இருப்பான், வீட்டு உரிமையாளராக இருப்பார், அவசரத்துக்குக் கடன் கொடுத்தவராக இருப்பார், சில வீடுகளில் கணவனாகவே இருப்பான். புகார் கொடுத்த அன்றைக்கே வாடகைக்கும் அரிசிக்கும் கேள்வி எழுந்துவிடுகிறது. அனைத்து மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம், குழந்தைகள் நலக்குழு என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மற்ற பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது' என்பார்கள். சில மாதங்கள் கழித்து அந்தத் தாய் நீதிமன்றத்தில் பிறழ் சாட்சி ஆகிறார். தீர்ப்பில் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கும். அவரை அந்த நிலைக்குத் தள்ளியது யார், எது என்று அதில் இருக்காது.

சட்டம் இதை அறியாமல் எழுதப்படவில்லை. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் பல வகையில் கனிவான சட்டம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, காவல் சீருடை இல்லாமல் பதிவு செய்யச் சொல்கிறது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்கிறது. குழந்தையின் சாட்சியத்தை 30 நாளிலும், விசாரணையைக் கூடியவரை ஓராண்டிலும் முடிக்கச் சொல்கிறது. இந்தக் காலவரம்புகள் எத்தனை வழக்குகளில் தாண்டப்படுகின்றன என்பதை நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் நம் பணியாளர்களைக் கேட்டால் தெரியும்.

இச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளில் எட்டாவது விதியை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் வழங்கக் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது அது. இழப்பீடு தீர்ப்போடு வரும், இடைக்கால இழப்பீடுகூட நீதிமன்ற ஆணைக்குக் காத்திருக்கும். இதுவோ முதல் வாரத்துப் பசிக்கான பணம். என் பார்வையில், போக்சோ விதிகளில் மிகவும் மனிதத்தன்மை உள்ள விதி இது. பெரிதும் பேசப்படாத விதியும் இதுதான்.

அதே விதிகள் சப்போர்ட் பெர்சன் என்ற துணையாளரை நியமிக்கவும் வழி செய்கின்றன. துணையாளர் தேவையா என்பதைப் பெற்றோரின் முடிவுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொண்டு நிறுவனங்களின் உண்மையான இடம் இங்கே இருக்கிறது. சம்மனில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வது, விசாரணை நாளில் முன்கூட்டியே போய்க் குழந்தைக்கு நீதிமன்ற அறையைக் காட்டிவைப்பது, குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசிப் படிப்பு நின்றுவிடாமல் காப்பது, தாய்க்கு ஒரு வேலை தேடித் தருவது. எந்த நன்கொடையாளரின் படிவத்திலும் இவற்றுக்குக் கட்டமில்லை. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் வந்தார்கள், படம் எங்கே என்றே அவர்கள் கேட்கிறார்கள். அந்தப் படத்துக்காகப் பாதிக்கப்பட்ட குழந்தையை மேடையேற்றி, முகத்தை மட்டும் திருப்பி நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. குழந்தையின் அடையாளத்தை மறைக்கச் சொல்லும் சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் அது விரோதம். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

கொடுமை நடப்பதற்கு முன்பே குடும்பத்தைத் தாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில், டேவிட் ஓல்ட்ஸ் 1977-இல் தொடங்கியது அது. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த ஏழை, இளம் பெண்கள் பலர் உட்பட 400 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்குக் கர்ப்ப காலம் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும் வரை செவிலியர் போய்வந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் மற்ற வீடுகளைவிடப் பாதியளவே இருந்தன. 2000-இல் வெளியான தொடர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தாய் அடிபடும் வீடுகளில் அந்தப் பலன் குறைந்துகொண்டே போய், வன்முறை மிகுந்த வீடுகளில் இல்லாமலே போயிற்று. தாய்க்குப் பாதுகாப்பில்லாத வீட்டில் குழந்தைக்காக நாம் செய்யும் எதுவும் நிலைக்காது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

நமக்கு அந்தச் செவிலியர் புதியவர் அல்லர். கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எந்த வீட்டில் குடி அதிகம், எந்த வீட்டில் வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறது, எந்தப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஊழியருக்குத் தெரியும். அவர் கையில் இன்னொரு பதிவேட்டைத் திணிக்காதீர்கள். அவர் 'இந்த வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள்' என்று சொன்னால் மறுநாளே போகக்கூடிய ஒரு தொண்டு நிறுவனம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும்.

1996-இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய 1098 சைல்டுலைன் உதவி எண் இப்படிப்பட்ட உள்ளூர் அமைப்புகளின் தோள்களிலேயே நாடு முழுதும் பரவியது. எதிர்முனையில் பேச்சே வராத அழைப்புகளையும் அதன் பணியாளர்கள் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023-இல் அந்தச் சேவையை அரசு தன் பொறுப்பில் எடுத்து 112 அவசர உதவி எண்ணோடு இணைத்தது. அரசு பொறுப்பேற்பது முறையானதே. ஆனால் தெருத்தெருவாகக் குடும்பங்களை அறிந்திருந்த அந்த அமைப்புகளை ஒதுக்கிவிடாமல், அவர்களைத் துணையாளர்களாகவும் வீடு தேடிப் போகிறவர்களாகவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை வழக்குகள் தண்டனையில் முடிந்தன என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு, அவர்கள் பெயரை முழுமையாகக் காத்து, பின்தொடர்ந்து போங்கள். வாடகை யார் கொடுத்தார்கள், பிள்ளை பள்ளிக்குத் திரும்பியதா, எட்டாவது விதிப்படி பணம் வந்ததா, தாய் ஏன் உறுதியாக நின்றார் அல்லது ஏன் பின்வாங்கினார் என்று எழுதுங்கள். இங்கே வந்திருக்கும் குழந்தைகள் நலக்குழுவினரே, இந்தக் கருத்தரங்கு முடிந்து ஊர் திரும்பியதும் தங்கள் மாவட்டத்தில் நிலுவையில் உள்ள வழக்குகளை எடுத்து, எட்டாவது விதியின் சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கப்படாத குடும்பங்களுக்கு அந்தப் பரிந்துரையை எழுதி அனுப்புங்கள். உடனே செய்யக்கூடியது அது. அந்த வேண்டுகோளோடு முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.