சாக்கில் உள்ள மாதமும் நம் மண்ணின் மாதமும்



ரப்பர்க் கன்றுகளுக்குச் சாதாரண உரத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடவேண்டியிருப்பதை நாம் அறிவோம். இட்ட மறுநாளே பெருமழை பெய்தால் அதில் ஒரு பகுதி கரைந்து கால்வாய்க்குப் போய்விடுகிறது. இந்த இழப்பைக் குறைப்பதற்காகவே, உரமணியின் மீது பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சு பூசும் முறை தோன்றியது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இவ்வுரம் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை இட்டால் பல மாதங்களுக்குக் கன்றுக்கு உணவளிக்கும். ஆயினும் விலை மிகுதி. ஆகவே, இதனை அறிந்து பயன்படுத்துவது நம் கடமையாகும்.

பூச்சுக்குள் நடப்பது என்ன? மண்ணிலுள்ள ஈரம் ஆவியாகப் பூச்சினூடே உட்புகுந்து உரத்தைக் கரைக்கிறது. முதலில் சில காலம் உரம் வெளிவருவதில்லை. பின்னர் கரைந்த உரம் ஒரே சீரான வேகத்தில் கசிகிறது. தேநீர்க் கோப்பையின் அடியில் கரையாத சர்க்கரை கிடக்கும்வரை தேநீரின் இனிப்பு குறைவதில்லை அல்லவா? அதுபோல, உள்ளே கரையாத உரம் இருக்கும்வரை கசிவும் குறைவதில்லை. அது முழுதும் கரைந்த பின்னரே வேகம் தளர்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் கணக்காக வகுத்து, இசுரேல் நாட்டு அறிஞர் ஷாவிவும் அவருடன் உழைத்தோரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மண் ஈரமாக இருக்குமாயின், மழை கூடுவதாலோ குறைவதாலோ இக்கசிவு பெரிதும் மாறுவதில்லை. அதனை விரைவுபடுத்துவது வெப்பமே. இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

சாக்கில் '9 மாதம்' என்று அச்சிடப்பட்டிருக்கலாம். அது நம் நாட்டு வெயிலில் எண்ணிய மாதமன்று. ஜப்பானிய முறையில், 25 பாகை வெப்பமுள்ள நீரில் 80 விழுக்காடு உரம் வெளிவர ஆகும் காலமே அது. ஐரோப்பிய முறையில் 75 விழுக்காட்டைக் கணக்கிடுகின்றனர். வேறு சில உற்பத்தியாளர் 21 பாகையை அடிப்படையாகக் கொள்கின்றனர்.

பொதுவாக, வெப்பம் 10 பாகை உயர்ந்தால் கசியும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பாலித்தீன் பையின் மண் 30 பாகை வெப்பத்தில் இருப்பதாகக் கொள்வோம். 25 பாகையில் கணக்கிட்ட 9 மாத உரம் அங்கே சுமார் ஆறரை மாதத்தில் தீர்ந்துவிடும். 21 பாகையில் கணக்கிட்டதாயின் ஐந்து மாதம்கூட நிற்காது. சாக்கை நம்பி ஒன்பதாம் மாதம் வரை காத்திருந்தால், எஞ்சிய மாதங்களில் கன்று பட்டினி கிடக்கும். இலை வெளுத்து, தண்டு பருக்காமல், ஒட்டுக் கட்டும் பருவமும் தள்ளிப்போகும்.

உரமணி கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஏமாறுதலும் கூடாது. உரம் தீர்ந்த பின்னும் வெறும் பூச்சு மண்ணில் கிடக்கும். சில மணிகளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருந்தால் உணவு உண்டு. நீராக இருந்தால் முடிவு நெருங்குகிறது. வெறுங்கூடாக இருந்தால் தீர்ந்துவிட்டது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை சில உண்டு. உரமிட்ட நாளைப் பாத்தியின் பலகையில் எழுதி வைப்போம். சாக்கில் உள்ள மாதத்துடன், அது எத்தனை பாகையில் கணக்கிடப்பட்டது என்பதையும் மேற்பார்வையாளரிடம் கேட்டறிவோம். சாக்கை மிதித்தோ, மண்ணுடன் முரட்டுத்தனமாகக் கிளறியோ பூச்சை உடைக்காதிருப்போம். உடைந்த மணி தன் உரம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி வேரைக் கருக்கிவிடும். உரம் கலந்த ஈர மண்ணைக் குவித்து நாள்கணக்கில் வைக்காமல், உடனே பைகளில் நிரப்புவோம். குவியலிலேயே உரம் கசியத் தொடங்கிவிடும்.

இன்று நாம் பேணும் கன்றே நாளை நமக்குப் பால் தரும் மரம். அதன் பசியைச் சாக்கின் எழுத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், நம் மண்ணின் வெப்பத்தையும் சேர்த்து அளவிடுவோமாக.