வைத்துக்கொள்வோம்

ஒன்றிய அளவிலான தமிழாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மொழிப்பாடத்தில் படைப்பாற்றலை வளர்ப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வகுப்பில் நான் செய்த நல்ல காரியங்களைச் சொல்லலாம் என்றுதான் முதலில் குறிப்பு எடுத்தேன். எழுதிப் பார்த்தபோது, நான் செய்த ஒரு தவறைச் சொன்னால் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று தோன்றியது. அந்தத் தவறு எனக்கே புரிந்தது ஓர் இலக்கியத் திருவிழாவில். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்று தமிழ்நாடு அரசு இலக்கியத் திருவிழாக்களை நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து எட்டு மாணவர்களை அழைத்துச் சென்றேன். சங்க இலக்கிய அரங்கில் போய் உட்காரத்தான் எனக்கு ஆசை. பிள்ளைகளோ மாயாஜாலக் கதை எழுதுபவர்கள் பேசும் அரங்குக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். எட்டுப் பேருக்கு எதிராக ஓர் ஓட்டு என்ன செய்யும்? போனோம்.

மேடையில் இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் சிறுவர்களுக்கு எழுதுபவர், மற்றவர் பெரியவர்களுக்கு. நெறியாளர் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் கதைகளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், இல்லையா?" என்பதுதான். இருவரும் சேர்ந்தாற்போல் "இல்லை" என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் நம் எல்லோருக்கும் தெரியும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் படித்து வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்தக் கதைக்கு ஒரு விதி உண்டு. பதில் தெரிந்தும் ராஜா சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்து சொன்னால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். பிணம் பேசுவதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ராஜா பேசிய பிறகும் வேதாளம் தோளிலேயே இருந்தது என்று ஒருவர் கதை சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளைகூட "அது எப்படி?" என்று கேட்கும். அந்த விதிதான் கதையைத் தாங்கி நிற்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் பற்றியும் பேசினார்கள். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் நரைத்த தாடியோடு இருக்கிறார்களே, சிறுவனாக இருந்தபோது அவர்கள் எங்கே படித்தார்கள் என்று அவர் யோசித்தார். அந்த யோசனையில் பிறந்த நாவல் 1968-இல் வெளிவந்தது. ஹாரி பாட்டர் வருவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அதில் இருக்கிறது. அந்த உலகில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதை ஆள முடியும். ஒன்றை மாற்றினால் உலகின் சமநிலை குலையும். மாணவன் ஒருவன் கர்வத்தில் விதியை மீறுகிறான்; அதற்கான விலையைக் கதை முழுக்கக் கொடுக்கிறான்.

டோல்கீன் பற்றிச் சொன்னபோது ஆசிரியர்கள் பக்கம் நல்ல சிரிப்பு. ஆக்ஸ்போர்டு பேராசிரியரான அவர் கூடுதல் வருமானத்துக்காகப் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தான். அந்த வெற்றுப் பக்கத்தில், வளையில் வாழும் ஹாபிட் என்ற உயிரைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். அதுவே 1937-இல் 'ஹாபிட்' என்ற புத்தகமாக வந்தது. அச்சிடலாமா என்று முடிவு செய்யப் பதிப்பாளர் தம் 10 வயது மகனிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். அந்தப் பையன் மதிப்புரை எழுதிக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலியும் வாங்கிக்கொண்டான்.

கேள்வி நேரத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "நாங்கள் வகுப்பில் பேய் இல்லை, பிசாசு இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம். நீங்கள் எழுதுவது மூடநம்பிக்கையை வளர்க்காதா?" நானே கேட்க நினைத்த கேள்வி அது.

சிறுவர் எழுத்தாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். டோல்கீன் 1939-இல் ஆற்றிய ஓர் உரையில் இதைத் தொட்டிருக்கிறாராம். தவளை வேறு, மனிதன் வேறு என்று தெளிவாகத் தெரிந்தவர்களால்தான் தவளை ராஜா கதையைச் சொல்லவும் ரசிக்கவும் முடியும். பகுத்தறிவு கூர்மையாக இருந்தால் கற்பனையும் சிறக்கும் என்பது அவர் கருத்து. பிறகு எழுத்தாளர் தம் சொந்தச் சொற்களில், "மூடநம்பிக்கை 'நம்பு' என்கிறது. கதை 'வைத்துக்கொள்வோம்' என்கிறது. கணக்கு வகுப்பில் ஒரு பேனாவின் விலை எக்ஸ் என்க என்று நீங்கள் தொடங்குவதில்லையா? அதே வேலைதான்" என்றார்.

அரங்கில் கைதட்டல். நான் கைதட்டவில்லை. எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்துவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இப்படித் தொடங்கியிருந்தாள்: எங்கள் அப்பா மேகத்தில் வேலை பார்க்கிறார், மழை பெய்யும்போது மழையோடு இறங்கி வீட்டுக்கு வருவார், வெயில் வந்ததும் ஏறிப் போய்விடுவார். ஒரு பக்கம் முழுக்க இப்படியே போனது. நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'உண்மையை எழுது' என்று எழுதினேன். மறுநாள் வேறு கட்டுரை கொண்டுவந்தாள். என் அப்பா நல்லவர், என் அப்பா என்மீது அன்பு காட்டுவார் என்று வழிகாட்டி நூலில் இருந்த எட்டு வரிகள். ஒரு பிழை இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அவளுடைய அப்பா ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போடப் பள்ளிக்கு வந்தார். "சென்னையில கம்பி கட்டுற வேலை சார். பதினாலாவது மாடி. மழை பிடிச்சா வேலை நிக்கும், அப்பத்தான் ஊருக்கு வர முடியும்" என்றார். நானும் சரி சரி என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. திருவிழா அரங்கில்தான் சேர்ந்தது. அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. அவள் கட்டிய உலகத்துக்கு விதி இருந்தது: மழை வந்தால் அப்பா வருவார், வெயில் வந்தால் போவார். கடைசி வரி வரை அந்த விதியை மீறவும் இல்லை. வீட்டில் அப்பா இல்லாததை நேராகச் சொல்ல முடியாத பிள்ளை, சொல்லக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த வழியைத்தான் நான் அடைத்தேன். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அவள் என்னிடம் கொடுத்ததெல்லாம் வழிகாட்டி நூல் வரிகள்தான்.

இப்போது என் வகுப்பில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. "இது நடக்குமா?" என்று கேட்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கிறேன். உன் உலகத்தில் விதி என்ன? அதை மீறினால் என்ன ஆகும்? அப்புறம்? சென்ற ஆண்டு ஒரு மாணவன், நிழலைக் கடன் கொடுக்கும் கடை என்று எழுதினான். "விதி என்னடா?" என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "உச்சி வெயிலுக்குள்ள திருப்பிக் கொடுத்துடணும் சார், அப்ப நிழல் சுருங்கிடும்" என்றான். அறிவியல் பாடம் தானாகவே கதைக்குள் வந்துவிட்டது. எல்லோரும் இப்படி எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒற்றுப்பிழைகளும் குறையவில்லை, அவற்றை இரண்டாம் வாசிப்பில் திருத்துகிறேன். ஆனால் வழிகாட்டி நூல் வரிகள் குறைந்துவிட்டன. நல்ல கதைகளைத் 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' இதழ்களுக்கு அனுப்பி வைக்கிறோம்.

அந்த மாணவியைச் சில மாதங்களுக்கு முன் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லி, "நான் செஞ்சது தப்பும்மா" என்றேன். அவள் முகத்தில் குழப்பம். "நானா எழுதினேன்? எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றாள். எனக்கு நினைவிருந்த முதல் வரிகளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீதியும் சொல்லுங்க சார்" என்றாள்.

மீதி எனக்கு நினைவில்லை. கோடு போட்ட பக்கத்தை யார் முழுசாகப் படிக்கிறார்கள்?

உங்கள் மேசையிலும் இன்று திருத்த வேண்டிய நோட்டுகள் இருக்கும். அதில் ஏதாவது ஒரு பக்கம் நம்ப முடியாதபடி இருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்புறம்?" என்று கேளுங்கள்.