எழுந்திருப்பது மரியாதையா?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



பஸ்ஸில் பெரியவங்க வந்தா எழுந்து இடம் கொடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நல்ல பழக்கம். ஆனால் எங்கப்பா, தன் வயசில் பாதிகூட இல்லாத ஊர்த்தெருப் பையன் ஏறினாலும் எழுந்து நின்றார். அதுக்கும் ‘மரியாதை’ன்னுதான் பேர் வச்சிருந்தாங்க.

உட்கார உரிமை உள்ளவன் எழுந்தால் பண்பு. இல்லாதவன் எழுந்தால் பயம்.

பொது வாகனத்தில் தீண்டாமை பார்ப்பது குற்றம் என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. சரி. நம் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருகிறானே, அவனை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

1997இல் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. ஆள் பக்கத்தில் உட்காரக்கூட வேண்டாம், பலகையில் பேர் இருந்தாலே தீட்டு!

பிள்ளைத்தாய்ச்சிக்கு, வயசானவங்களுக்கு, நடக்க முடியாதவங்களுக்கு, அவங்க எந்தச் சாதியானாலும், முதல் ஆளாக எழுந்திருங்கள். சாதிக்கு மட்டும் எழுந்திருக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.