முழவின் வட்டத்துள் மோரிங்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விட்டுவிட்டுச் சண்டையைப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் பேசவிருப்பது பாட்டின்றி நடவாத ஒரு சண்டை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்துமாக் கடலில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரெயூனியோன் தீவில் அதற்கு மோரிங் என்று பெயர்.

மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கிறார்கள். முழவு ஒலிக்கிறது. ஒருவர் கிரியோல் மொழியில் பாட்டெடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடுகிறார்கள். இருவர் வட்டத்துள் நுழைந்து, ஒருவரையொருவர் அளந்து சுற்றி வந்து, காலால் மோதுகிறார்கள். கை பெரும்பாலும் நிலத்தில் ஊன்றிக்கொள்வதற்கே. ஓர் உதைக்குத் தகைவிலான் குருவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். உதைக்குக் குருவியின் பெயரைச் சூட்டத் தெரிந்தவர்களைக் கவிஞர்கள் அவையில் அறிமுகம் செய்வதில் பிழையில்லை என்றே கருதுகிறேன்.

ரெயூனியோனுக்குப் பூர்வ குடிகள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை அது ஆளற்ற தீவு. ஆகவே அங்குள்ள ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு தாளமும் கப்பலேறி வந்தவை. முதலில் காப்பிக்கும் பிறகு கரும்புக்குமாக, மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். 1848 டிசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர். விடுபட்டவர்கள் தோட்டத்தை விட்டு நீங்கவே, அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்திரளாய்ப் போனவர்களுள் மிகப் பலர் நம்மவர்கள். அவர்களை அங்கே மல்பார் என்றழைக்கிறார்கள். மலபாருக்கும் அவர்களுக்கும் தொடர்பு குறைவு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மோரிங்கின் வேர் மடகாஸ்கரில் இருக்கிறது. அங்கே மேற்கிலும் வடக்கிலும் வாழும் சக்கலவா மக்களிடம் மொரைங்கி என்னும் கைச்சண்டை உண்டு. இடையிலுள்ள மயோத் தீவில் அதுவே முரெங்கே ஆகி, ரமலான் மாத இரவுகளில் நோன்பு திறந்தபின் ஊர் கூடிப் பார்க்கும் ஆட்டமாக நடந்து வருகிறது. இவ்விரண்டிலும் முட்டியே ஆயுதம். ரெயூனியோனுக்கு வந்ததும் அது காலுக்கு இறங்கியது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களின் ஆட்டமும் கலந்ததால் இம்மாற்றம் நேர்ந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே பரவலான ஒரு கதையைச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். அடிமைகள் சண்டை பயில்வதை எசமானர்கள் தடுத்தார்கள். ஆகையால் அவர்கள் சண்டையை நடனமாக வேடமிட்டு, இசையால் மூடி மறைத்தார்கள் என்பது அக்கதை. பிரேசில் நாட்டுக் கப்போய்ராவைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். கையில் விலங்கு இருந்ததால் காலால் சண்டையிட்டார்கள் என்று அங்கே ஒரு படி மேலே போவதும் உண்டு. விலங்கிட்ட கையால் கரும்பு வெட்ட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க இனிய கதைதான். ஆனால் அது இசையை வெறும் போர்வையாக்கிவிடுகிறது. மடகாஸ்கரில் மொரைங்கி ஆடிய சக்கலவா இளைஞனுக்கு ஏமாற்றவேண்டிய தோட்ட முதலாளி யார்? அங்கும் முழவு இருக்கிறது. முழவில்லாமல் களம் கூடுவதில்லை. ஆகவே இசை பின்னால் போர்த்திய துணியன்று; சண்டையோடு உடன்பிறந்தது. தேவைப்பட்ட இடத்தில் அது மறைப்பாகவும் உதவியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

அந்த முழவைப் பார்ப்போம். ரெயூனியோனில் அதற்கு ரூலேர் என்று பெயர். பழைய மரப் பீப்பாயின் ஒரு வாயில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியது. அதைக் கிடத்தி, மேலே குதிரையேறுவதுபோல் அமர்ந்து, இரு கைகளாலும் அடிப்பார்கள். கூடவே கயாம்ப்: கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே கல்வாழை விதை போன்றவற்றை இட்டுக் குலுக்கும் தட்டையான கருவி. எந்தக் கரும்பு அவர்கள் முதுகை ஒடித்ததோ அதன் பூந்தண்டே கருவியாயிற்று. மூன்றாவது பொப்ர். வில்லில் ஒற்றைக் கம்பி கட்டி, சுரைக்குடுக்கை பொருத்திக் குச்சியால் தட்டுவது. பிரேசிலில் கப்போய்ராவை நடத்தும் பெரிம்பாவ் இதற்கு நெருங்கிய உறவு. ஆப்பிரிக்க வில் ஒன்று இரு பெருங்கடல்களில் சிதறி, இரு திசைகளிலும் சண்டைக்களத்தருகே போய் உட்கார்ந்திருக்கிறது.

முழவுக்காரர் இருவரின் கால்களைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். தயங்கினால் தாளத்தை நெருக்கித் துரத்துகிறார்; சினம் மிஞ்சினால் தளர்த்தி ஆற்றுகிறார். கப்போய்ராவில் பெரிம்பாவ் தொடங்கினால்தான் ஆட்டம்; அது நின்றால் ஆட்டமும் நிற்கும். 1890ஆம் ஆண்டுப் பிரேசில் குற்றவியல் சட்டம் கப்போய்ராவைக் குற்றமாக்கியது. 1932இல் சல்வதோர் நகரில் மெஸ்த்ரே பிம்பா பள்ளி தொடங்கி அதற்குப் புது ஒழுங்கு கொடுத்தார். அந்தப் புது ஒழுங்கிலும் அவர் வில்லை வெளியே வைக்கவில்லை. 2014இல் யுனெஸ்கோ கப்போய்ரா வட்டத்தை மானுட மரபாக ஏற்றபோது ஏற்றுக்கொண்டது உதைகளை மட்டுமன்று, அந்த வட்டத்தை.

மோரிங்குக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1946இல் ரெயூனியோன் பிரான்சின் ஒரு மாவட்டமானது. பள்ளியில் பிரெஞ்சு, கிரியோல் வாய் திறந்தால் தாழ்வு. மாலோயா என்னும் அவர்களது பாட்டை ஆட்சியாளர் ஐயத்தோடு பார்த்தார்கள். தீவின் பொதுவுடைமைக் கட்சி அதைத் தன் மேடைகளில் ஏற்றி, 1976இல் இசைத்தட்டாகவும் கொண்டுவந்தபின் ஐயம் இன்னும் வளர்ந்தது. பாட்டுக்கு நேர்ந்தது சண்டைக்கும் நேர்ந்தது. ஐம்பதுகளை ஒட்டி மோரிங் வட்டங்கள் ஏறக்குறைய கலைந்துபோயின. 1981இல் பிரான்சில் ஆட்சி மாறியபின் நிலைமை தளர்ந்தது. 2009இல் மாலோயா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கலைந்த வட்டத்தை மீண்டும் கூட்டியவர்களுள் முதன்மையானவர் ஜான்-ரெனே ட்ரைனாசா. பிரெஞ்சுக் கால்சண்டைப் போட்டிகளில் பெயர் பெற்ற வீரர். அவர் முதியவர்களின் நினைவிலிருந்து அசைவுகளைத் திரட்டி, 1990களில் மோரிங்கை இளைஞர்களிடம் சேர்த்தார். விதிகள் வந்தன, நடுவர் வந்தார். நாம் இன்று மோரிங் என்று காண்பது பெரிதும் இந்தப் புதுப்பிறவியையே. அந்தரத்தில் சுழலும் பாய்ச்சல்களில் கப்போய்ராவின் சாயல் விழுந்திருப்பது ஒளிப்பதிவுகளில் எனக்கே தெரிகிறது. அதைக் குறையாகச் சொல்லேன். கலப்பிலே பிறந்ததற்குக் கலப்பு புதிதா?

என் கவலை வேறிடத்தில். நடுவரின் கை உயர்ந்தால் நிற்பதா, முழவு நின்றால் நிற்பதா? விளையாட்டாகிவிட்ட எந்தக் கலைக்கும் புள்ளி தேவைப்படுகிறது. புள்ளி எண்ணுபவருக்கு முழவு இடைஞ்சல். பிறகு ஒருநாள் முழவுக்காரருக்குப் பதில் ஒலிநாடா போதும் என்று யாரேனும் சொல்வார். ஒலிநாடா கால்களைப் பார்ப்பதில்லை. எதிரே இருக்கும் முகத்தைப் பாராமல் வாசிக்கப்படும் கவிதையைக் கவியரங்குகளில் நாம் கேட்டிருக்கிறோமே, அந்தக் கதியே சண்டைக்கும் வரும்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். மல்பார்களின் பேச்சிலிருந்து தமிழ் பெரும்பாலும் போய்விட்டது; வீட்டிலும் கிரியோல்தான். ஆனால் கோயிலில் தீமிதிக்கு அடிக்கும் பறைக்கு இன்றும் தப்பூ என்றே பெயர். தப்பு என்ற நம் சொல் நீட்டி ஒலிக்கிறது, அவ்வளவுதான். இரவு முழுதும் ஆடும் கூத்தை நார்ல்கோன் என்கிறார்கள். நாடகம் என்னும் சொல் கடல் கடந்து தேய்ந்த உருவம் அது. பொருள் மறந்தபின்னும் தோற்கருவி தன் பெயரை மறக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் ரூலேரும் தப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக் காற்றில் கேட்டிருக்கும்.

நம் வட்டத்தில் பறை பயிலும் இளங்கவிஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ரூலேர், கயாம்ப், பொப்ர் மூன்றின் ஒலிப்பதிவையும் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்து நடக்கவிருக்கும் கவியரங்கத்துக்குப் பின், விரும்புவோர் இருந்து கேட்கலாம்.